பேட்டரி பெருசா இருந்தா லேசர் பளிச்னு இருக்கும்னு எழுதாதீங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல லேசர் பாயின்டர் வாங்குறதைப் பத்தி ஒரு கால் பக்கத்துக்கு போட்டிருந்தீங்க, அதுல ரெண்டு வரி என்னை தூங்க விடல. "மில்லிவாட் அதிகமா இருந்தா வெளிச்சம் அதிகம்"னு ஒண்ணு, "பெரிய பேட்டரி போட்டதா பார்த்து வாங்கினா பளிச்னு அடிக்கும்"னு இன்னொண்ணு. நான் மதுரை பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல பிசிக்ஸ் லேப்ல இருக்கேன், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, பேராசிரியர் எல்லாம் இல்ல, லேப் அசிஸ்டென்ட் தான். ஆனா ஃபர்ஸ்ட் இயர் பசங்க லேசர் வச்சு பண்ற பிராக்டிகலுக்கு செமஸ்டர் செமஸ்டரா பேட்டரி மாத்துறவன் நான், எந்த லேசர் எப்ப சாகும்னு சத்தத்துலயே சொல்லிடுவேன் (லேசருக்கு சத்தம் கிடையாது, சும்மா சொன்னேன்). அதனால இதை எழுத எனக்கு கொஞ்சம் உரிமை இருக்குன்னு நினைக்கிறேன், நீளமா போச்சுன்னா வெட்டிக்கோங்க, ஆனா அந்த ரெண்டு வரிக்கு மட்டும் ஒரு திருத்தம் போட்டுடுங்க.

முதல்ல அந்த மில்லிவாட் கதை. லேசர்ல மில்லிவாட்னா வெளிய வர்ற ஒளியோட பவர், அவ்ளோதான், அது கண்ணுக்கு எவ்ளோ தெரியும்ங்கிறது வேற கணக்கு. நம்ம கண்ணு எல்லா கலரையும் ஒரே மாதிரி பார்க்காது, பகல்ல 555 நானோமீட்டர் (ஒளியோட அலைநீளம், அதாவது வேவ்லெங்த், கலரை நம்பரா சொல்ற அளவு) பச்சையில தான் அதுக்கு கூர்மை ஜாஸ்தி, அதுல இருந்து ரெண்டு பக்கமும் தள்ளிப் போகப் போக சடசடன்னு இறங்கிடும். கடையில கிடைக்கிற சிவப்பு லேசர் பெரும்பாலும் 650 நானோமீட்டர், அங்க கண்ணோட கூர்மை உச்சத்துல பத்துல ஒரு பங்கு தான். பச்சை லேசர் 532, அங்க நூத்துக்கு எம்பத்தெட்டு. அதாவது ரெண்டும் 5 மில்லிவாட்னே வச்சுக்கோங்க, பக்கத்துல பக்கத்துல அடிச்சா பச்சை எட்டு மடங்கு பளிச்னு தெரியும், பேட்டரி பெருசா சின்னதாங்கிற பேச்சே அங்க இல்ல. சிவப்புக்குள்ளயே வித்தியாசம் இருக்கு, ஆரம்ப காலத்துல வந்த 670 பாயின்டர் இப்ப உள்ள 650ல மூணுல ஒரு பங்கு கூட தெரியாது, 635ன்னு போட்டு கொஞ்சம் விலை ஜாஸ்தியா விக்கிறது 650ஐ விட ரெண்டு மடங்கு தெரியும். எங்க லேப்ல பழைய ஹீலியம் நியான் டியூப் ஒண்ணு இருந்துச்சு, ஆளு நீளத்துல பாதி இருக்கும், தனியா ஒரு ஹை வோல்டேஜ் பெட்டி வேற, அது 632.8. வெறும் 1 மில்லிவாட் தான், ஆனா அதைப் பார்த்துட்டு புதுசா வாங்குன பேனா லேசரைப் பார்த்தா பசங்க "என்ன சார் இது டல்லா இருக்கு"ம்பாங்க. டல் எல்லாம் இல்லப்பா, கலர் பதினேழு நானோமீட்டர் தள்ளிப் போச்சு, உன் கண்ணு தான் டல்.

வயலட் லேசர் இன்னும் கூத்து. 405 நானோமீட்டர், அதே 5 மில்லிவாட்டை சொவத்துல அடிச்சா மங்கலா ஒரு பொட்டு மாதிரி தெரியும், பச்சையோட ஒப்பிட்டா ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்ல. ஆனா அதையே சலவை பண்ண வெள்ளை வேட்டி மேல அடிச்சுப் பாருங்க, நீலமா ஜொலிக்கும், ஏன்னா சோப்புத் தூள்ல இருக்கிற வெண்மை ஏத்துற கெமிக்கல் அந்த வயலட்டை வாங்கிட்டு நீலமா திருப்பி விடுது. இதை கடைக்காரர் வெள்ளை அட்டையில அடிச்சுக் காட்டி "பாருங்கண்ணே எவ்ளோ பவரு"ன்னு விப்பாரு. கண்ணுக்கு மங்கலா தெரியுதேன்னு அசால்ட்டா பார்த்துட்டு இருப்போம், ரெட்டினாவுக்குள்ள, அதான் கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற திரைக்குள்ள, போற பவர் என்னமோ அதே 5 மில்லிவாட் தான், சில சமயம் அம்பது. பளிச்னு தெரியாதது ஆபத்து கம்மியானதுன்னு அர்த்தம் இல்ல, இதையும் உங்க கட்டுரை சொல்லல.

வாட்னு சொன்னாலே நம்ம ஆளுங்க பல்பு கணக்குல யோசிக்கிறாங்க. ஒரு 9 வாட் எல்இடி பல்பு ஏறக்குறைய 900 லூமென் (கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தோட அளவு) குடுக்கும், ஒரு மெழுகுவத்தி சுமாரா 12 லூமென். 5 மில்லிவாட் பச்சை லேசர் மொத்தமா எவ்ளோன்னா 3 லூமென், மெழுகுவத்தியில கால்வாசி! சிவப்புன்னா அரை லூமென் கூட தேறாது. ஆனாலும் அந்த கால் மெழுகுவத்தி கிளாஸ் ரூம் கடைசி பெஞ்சு வரைக்கும் கத்தி மாதிரி போகுதுன்னா, எல்லா ஒளியும் ஒரு மில்லிமீட்டர் குழாய்க்குள்ள அடங்கி போறதால தான், பவர் ஜாஸ்தியா இருக்கிறதால இல்ல.

சரி, மில்லிவாட் ஜாஸ்தியானா பளிச்னு தெரியாதான்னு கேப்பீங்க. தெரியும், ஆனா நினைக்கிற அளவுக்கு இல்ல. 5ல இருந்து 10க்கு போனா கண்ணுக்கு "கொஞ்சம் கூட இருக்கோ?"ங்கிற அளவுக்கு தான் தோணும், ரெண்டு மடங்குன்னு சத்தியமா தோணாது, கண்ணு அப்படித்தான் படைச்சிருக்கு. ஆனா ரெட்டினாவுல விழுற சூடு கரெக்டா ரெண்டு மடங்கு. அதாவது காசு குடுத்து வாங்குற பளபளப்பு கொஞ்சூண்டு, கூடவே வர்ற ஆபத்து முழுசு.

அப்புறம் அந்த ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற நம்பரை நம்பவே நம்பாதீங்க. அமெரிக்காவுல நிஸ்ட்னு அளவு நிர்ணயம் பண்ற அரசாங்க நிறுவனம் இருக்கு, அவங்க 122 பாயின்டரை எடுத்து அளந்து 2013ல முடிவை வெளிய சொன்னாங்க. பச்சையில ஏறக்குறைய நூத்துக்கு தொண்ணூறும் சிவப்புல நூத்துக்கு நாப்பத்தி நாலும் அங்க உள்ள பாதுகாப்பு விதிக்கு வெளிய இருந்துச்சு, அங்க பாயின்டர்னு விக்கணும்னா 5 மில்லிவாட்டுக்கு மேல போகக் கூடாது. சட்டம் கறாரா இருக்கிற ஊர்லயே இந்த லட்சணம்னா நம்ம டவுன் ஹால் ரோடு கடையில என்ன இருக்கும்னு நீங்களே யோசிங்க. எங்க லேப்புக்கு வாங்குன பச்சை பேனாவுல ஒரு பக்கம் 5க்கு கீழன்னு ஸ்டிக்கர், அதோட டப்பாவுல 1000னு அச்சு, ரெண்டும் ஒரே ஐட்டத்துக்கு.

பச்சையில இன்னொரு மறைமுக சமாச்சாரம் இருக்கு. அது நேரா பச்சையா பொறக்குறது இல்லீங்க, உள்ள ஒரு 808 நானோமீட்டர் இன்ஃப்ராரெட் டையோடு, அதாவது கரண்ட் குடுத்தா ஒளி விடுற ஒரு சின்ன சிப், இருக்கு, கண்ணுக்கே தெரியாத ஒளி, அது ஒரு கிரிஸ்டலைத் தூண்டி விட்டு 1064 ஆக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாது, அடுத்து இன்னொரு கிரிஸ்டல் அதை சரிபாதியா மடிச்சு 532 பச்சையா மாத்தும். கடைசியில மிச்சம் மீதி இன்ஃப்ராரெட்டை தடுக்க ஒரு சின்ன ஃபில்டர் கண்ணாடி வைக்கணும். விலையை குறைக்கணும்னு அந்த கண்ணாடியை விட்டுடுறாங்க. அதே நிஸ்ட் ஆளுங்க 2010ல ஒரு மலிவான பச்சை பாயின்டரை பிரிச்சுப் பார்த்தாங்க, 10 மில்லிவாட்னு போட்டது, பச்சை மங்கலா தான் வந்துச்சு, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் கிட்டத்தட்ட 20 மில்லிவாட். டல்லா இருக்குன்னு புது பேட்டரி போட்டு போட்டு அடிச்சுப் பார்ப்பான் மனுசன், கண்ணு வேற இடத்துல வெந்துட்டு இருக்கும், பளிச்னு தெரிஞ்சாத்தானே இமை மூடும்.

இப்ப பேட்டரிக்கு வர்றேன், எனக்கு கோவமே இங்கதான்.

மொட்டை மாடி சின்டெக்ஸ் டேங்க் 500 லிட்டருக்குப் பதிலா 2000 லிட்டர்ல வச்சா கீழ பாத்ரூம் குழாய்ல தண்ணி வேகமா வருமா? வராதுல்ல, ரொம்ப நேரம் வரும், அவ்ளோதான். வேகம் வேணும்னா டேங்கை உசரத்துல ஏத்தணும், இல்ல குழாயை பெருசாக்கணும். பேட்டரியோட சைஸ்ங்கிறது லிட்டர், வோல்டேஜ்ங்கிறது உசரம், உள்ள இருக்கிற சின்ன சர்க்யூட் தான் குழாய். சின்ன சிவப்பு கீசெயின் லேசர்ல மூணு பட்டன் பேட்டரி, எல்ஆர்44ம்பாங்க, கடையில ஏஜி13ன்னு அட்டையில பத்து பத்தா தொங்கும், ரெண்டும் ஒண்ணுதான். ஒண்ணு 1.5 வோல்ட், மூணும் சேர்ந்து 4.5. சிவப்பு டையோடு குடிக்கிற கரண்ட் ஏறக்குறைய 30 மில்லி ஆம்பியர் தான், அதனால நூத்து சொச்சம் மில்லி ஆம்பியர் அவர் (பேட்டரியோட கொள்ளளவு) இருக்கிற அந்த பொட்டு பேட்டரியே அதுக்கு விட்டு விட்டு அடிச்சா மாசக்கணக்குல போதும். இதுல கொண்டு போய் பெரிய டார்ச் செல்லை மாட்டி வச்சாலும் புள்ளி அதே புள்ளி தான்.

பச்சை கதை வேற, அது சரியான தீனிப் பண்டாரம். மூணு படி தாண்டி வர்றதால பாதி வழியிலயே எல்லாம் சூடா போயிடுது. ரிமோட்டுக்கு போடுற சின்ன செல் ரெண்டு, 3 வோல்ட், எங்க லேப் பச்சை பேனாவுல மல்டிமீட்டர் வச்சு பார்த்தப்ப 300 மில்லி ஆம்பியர் வரைக்கும் இழுத்துச்சு. மூணை பாயின்ட் மூணால பெருக்குங்க, 900 மில்லிவாட் உள்ள போகுது, அஞ்சு வெளிய வருதுன்னே வைங்க, நூத்துக்கு ஒண்ணு கூட இல்ல, மிச்சம் எல்லாம் பேனா உடம்பை சூடாக்கத்தான். அதனால தான் முப்பது செகண்டு அமுக்கினா விட்டுடுங்கன்னு நல்ல கம்பெனிக்காரன் எழுதி வைப்பான், நம்ம ஆளுங்க ரப்பர் பேண்டு போட்டு பட்டனை கட்டி வச்சிடுவாங்க. நானே கட்டியிருக்கேன், பிராக்டிகல் நேரத்துல ரெண்டு கையும் ஸ்கேல்ல இருக்கும், என்ன பண்றது.

அந்த 300 மில்லி ஆம்பியரை டிவி ரிமோட்டோட ஃப்ரீயா வர்ற சாதா செல்லால குடுக்க முடியாது, புதுசாவே இருந்தாலும் பட்டனை அமுக்கின உடனே வோல்டேஜ் தொப்புன்னு விழும், பச்சை மினுக் மினுக்னு ஆடும், ஆல்கலைன்னு எழுதின செல் போட்டா அதே பேனா ஜம்முனு வேலை செய்யும். ரீசார்ஜ் பண்ற நிக்கல் செல் போட்டா ஒண்ணு 1.2 வோல்ட் தான், சில மலிவு பேனாவுல அதுக்கே டல்லடிக்கும். ஆக பேட்டரி முக்கியம் இல்லன்னு நான் சொல்ல வரல, சைஸ் முக்கியம் இல்ல, ரகம் முக்கியம்.

டையோடு லேசருக்குன்னு ஒரு குணம் உண்டு, ஒரு அளவு கரண்ட் வர்ற வரைக்கும் அது லேசரே கிடையாது, வெறும் எல்இடி மாதிரி மங்கலா சிவந்துட்டு இருக்கும். சிவப்புல அந்த வாசப்படி சுமாரா 20 மில்லி ஆம்பியர் பக்கம். அதை தாண்டினதும் கரண்ட் கொஞ்சம் ஏறினா வெளிச்சம் நிறைய ஏறும், 30ல 5 மில்லிவாட்னா 25ல பாதி தான் இருக்கும். நல்ல பேனாவுல கரண்டை ஒரே அளவா புடிச்சு வைக்கிற சர்க்யூட் இருக்கும், பேட்டரி இறங்கினாலும் வெளிச்சம் இறங்காது, கடைசியில திடீர்னு ஒரு நாள் செத்துப்போகும். மட்டமானதுல ஒரே ஒரு ரெசிஸ்டர் மட்டும் தான், புது பேட்டரி போட்ட அன்னைக்கு ஸ்டிக்கர்ல உள்ளதை விட ஜாஸ்தியா அடிக்கும், மறுவாரம் கம்மி, மூணாவது வாரம் பசங்க "சார் புள்ளியே தெரியல"ம்பாங்க. கடையில வாங்குறப்ப அடிச்சுக் காட்டுறது எந்த பேட்டரில? புது பேட்டரில. அப்ப தெரியிற வெளிச்சத்தை பார்த்து தான் நாம காசு குடுக்குறோம்.

ஒரு சின்ன விஷயம், டல்லான லேசரால பசங்களோட ரீடிங் தப்பாகுமான்னு சில ஸ்டாஃப் கேப்பாங்க. ஆகாது. கிரேட்டிங் (நெருக்க நெருக்கமா கோடு போட்ட தகடு) வச்சு வேவ்லெங்த் கண்டுபுடிக்கிறதுலயும் சரி, லைக்கோபோடியம்ங்கிற நைசான செடிப் பவுடரைத் தூவி அதோட துகள் சைஸ் (30 மைக்ரான் பக்கம் வரும், மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒண்ணு) கண்டுபுடிக்கிறதுலயும் சரி, புள்ளி எவ்ளோ தள்ளி விழுதுங்கிறது தான் கணக்கு, எவ்ளோ பளிச்னு விழுதுங்கிறது இல்ல. ரூம் லைட்டை அணைச்சா 1 மில்லிவாட்டுலயே எல்லா வளையமும் தெரியும். நாங்க ஜன்னல்ல பழைய பெட்ஷீட் தொங்க விட்டிருக்கோம், புது லேசர் வாங்குறதை விட அது மலிவு.

இப்ப ஒரு கூத்து சொல்றேன். எங்க காலேஜ்ல ஒரு சார், பேரு வேணாம், பச்சை பேனா வச்சிருந்தாரு, ரெண்டு சின்ன செல் போடுறது. யாரோ சொன்னாங்கன்னு அதே சைஸ்ல வர்ற லித்தியம் ரீசார்ஜபிள் ஒண்ணு வாங்கி, இன்னொரு செல் இடத்துல டம்மியா ஒரு அலுமினிய துண்டை சொருகிட்டாரு. லித்தியம் செல் 3.7 வோல்ட்னு எழுதியிருக்கும், ஃபுல் சார்ஜ்ல 4.2. மூணு வோல்ட்டுக்கு பண்ண பேனாவுல நாலேகால். முதல் நாள் ஸ்டாஃப் ரூமே வாயைப் பொளந்துச்சு, எதிர் பில்டிங் வாட்டர் டேங்க் மேல பச்சை வட்டம், சார் முகத்துல அப்படி ஒரு பூரிப்பு, என்னைக் கூப்பிட்டு "பாருங்க, நீங்க என்னமோ பேட்டரியில ஒண்ணும் இல்லன்னீங்களே"ன்னாரு. நான் ஒண்ணும் பேசல. நாலு நாளோ அஞ்சு நாளோ, செமினார் நடுவுல பட்டனை அமுக்கினாரு, பேனா முனையில லேசா ஒரு பச்சைச் சாயல், அவ்ளோதான், டார்ச் கூட இல்ல. உள்ள கிரிஸ்டலைத் தூண்டி விடுற அந்த 808 டையோடோட முனை வெந்து போச்சு, அது போனா போனதுதான், ரிப்பேர் எல்லாம் கிடையாது. அந்த பேனா இன்னும் என் டிராயர்ல கிடக்கு, அலுமினிய துண்டோட.

அந்த சார் மேலயும் முழுத் தப்பு சொல்ல முடியாது, ஏன்னா அவர் பவர் தேடி அலைஞ்சதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, அதுதான் உங்க கட்டுரை எழுதினவர் தொடவே இல்லாத இடம். முன்னெல்லாம் கிளாஸ்ல புரொஜெக்டர், வெள்ளைத் திரை, அதுல சிவப்பு பாயின்டர் அடிச்சா புள்ளி அழகா நிக்கும், ஏன்னா திரை சொரசொரன்னு இருக்கு, ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும், கடைசி பெஞ்சுக்காரனுக்கும் தெரியும். இப்ப எல்லா இடத்துலயும் ஸ்மார்ட் போர்டு, எல்இடி டிவி. அது கண்ணாடி. பாயின்டரை அடிச்சா பாதி ஒளி உள்ள இருக்கிற கறுப்புல போய் முழுங்கிடும், மிச்சத்துல ஒரு பங்கு கண்ணாடியில பட்டு நேரா எதிர்ப்பக்கம் தெறிச்சுப் போகும், நம்ம கண்ணுக்கு சிதறி வர்றது ரொம்ப கம்மி, அதனால புள்ளி மங்கல். உடனே ஆசிரியருங்க என்ன நினைக்கிறாங்க, லேசர்ல பவர் இல்ல, பேட்டரி வீக், பச்சை வாங்குவோம், பச்சையும் பத்தலையா, சாவி போட்டு திறக்கிற அந்த பெரிய கட்டை லேசர் வாங்குவோம். அந்த பெரிய லேசரை கண்ணாடி போர்டுல அடிச்சா தெறிச்சு வர்ற ஒளி எங்க போகும்? முன் பெஞ்சு புள்ளைங்க மூஞ்சிக்குத்தான். ஐயா, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா ஸ்மார்ட் போர்டு வந்துட்டு இருக்கிற காலத்துல "பளிச்னு இருக்கிறதா பார்த்து வாங்குங்க"ன்னு எழுதினா அதைப் படிச்சிட்டு எத்தனை டீச்சர் கடைக்குப் போவாங்கன்னு நினைச்சுப் பாருங்க. போர்டுல கையாலயே தொட்டுக் காட்டலாம், இல்ல ஸ்கிரீனுக்குள்ளயே புள்ளி நகர்ற மாதிரி ரிமோட் விக்கிது, எங்க காலேஜ்ல ரெண்டு வாங்கியாச்சு, யு.எஸ்.பி சொருகினா வேலை செய்யுது, ரெக்கார்டு பண்ற ஆன்லைன் கிளாஸ்ல கூட தெரியும். அது கூட வேணாம், எங்க பழைய எச்ஓடி ஒரு மூங்கில் குச்சி வச்சிருந்தாரு, அதுக்கு பேட்டரியே கிடையாது.

கொடைக்கானல் கதை ஒண்ணு சொல்லிடுறேன், பேட்டரி மேல பழி விழுறதுக்கு அது நல்ல உதாரணம். நட்சத்திரம் பார்க்க ஒரு டிசம்பர்ல பசங்களை கூட்டிட்டு போனோம், ராத்திரி குளிரு பத்து டிகிரிக்கும் கீழ, ஓரியனை காட்டலாம்னு சார் பச்சை பேனாவை தூக்கி அமுக்கினா கோடு வரவே இல்ல, லேசா ஒரு இழை. புது செல் போட்டோம், அதே. இன்னொரு ஜோடி போட்டோம், அதே. "கடைக்காரன் ஏமாத்திட்டான் சார்"னு பசங்க. நான் பேனாவை வாங்கி அக்குள்ல வச்சுகிட்டு ஒரு டீ குடிச்சேன், எடுத்து அமுக்கினா வானம் வரைக்கும் கோடு. மந்திரம் எல்லாம் இல்ல, அந்த 808 டையோடு குளிர்ல ஒரு டிகிரிக்கு பாயின்ட் மூணு நானோமீட்டர் மாதிரி கலர் நகர்ந்துடும், மதுரை 30 டிகிரியில இருந்து கொடைக்கானல் 8 டிகிரிக்கு போனா ஆறேழு நானோமீட்டர் நகர்ந்துடுது, அடுத்த கிரிஸ்டல் வாங்கிக்கிறது குறுகலான ஒரு பட்டை தான், அதுக்கு வெளிய போனா ஒளி வீணாப் போகும். குளிர்ல செல்லும் கொஞ்சம் சோம்பேறி ஆகும், அதுவும் உண்மை, ஆனா மெயின் காரணம் அது இல்ல. அன்னைக்கு தூக்கிப் போட்ட நாலு செல்லும் நல்ல செல், நான் பொறுக்கி எடுத்துட்டு வந்து கடிகாரத்துக்கு போட்டேன், இன்னும் ஓடுது.

இப்ப அந்த பெரிய பேட்டரி லேசர். சாவி வச்சது, உள்ள 18650னு ஒரு லித்தியம் செல், 18 மில்லிமீட்டர் தடி, 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் அந்த நம்பர். செல் மேல 9900 மில்லி ஆம்பியர் அவர்னு கொட்டை எழுத்துல இருக்கும், அந்த சைஸ்ல நல்ல கம்பெனி செல்லே 3500 பக்கம் தான் வரும், 9900 எல்லாம் அச்சடிச்சவன் மனசு. இப்படிப்பட்ட செல்லுக்கு ஓவர் சார்ஜை நிறுத்துற பாதுகாப்பு சர்க்யூட்டும் இருக்காது, கூட வர்ற சார்ஜர் இன்னும் மோசம், ராத்திரி சொருகிட்டு தூங்காதீங்க. ஆனா நான் சொல்ல வர்றது அது இல்ல. 5 மில்லிவாட்டுக்குள்ள இருக்கிற ஒரு சிவப்பு பாயின்டருக்கு இவ்ளோ பெரிய செல் எதுக்கு? தேவையே இல்ல. பேனா சைஸ் சாமான்ல அவ்ளோ பெரிய செல்லை ஒருத்தன் வைக்கிறான்னா உள்ள கரண்ட் குடிக்கிற ஏதோ ஒண்ணு இருக்குன்னு அர்த்தம். நீங்க அதை நல்ல அடையாளம்னு எழுதியிருக்கீங்க, நான் அதைப் பார்த்தா கடையை விட்டு வெளிய வந்துடுவேன்.

சித்திரைத் திருவிழா சமயத்துல மாசி வீதி ஓரமா பலூன், பீப்பியோட இதையும் தட்டுல பரப்பி விக்கிறாங்க. நூறு இருநூறு ரூபாய்க்கு, முனையில ஒரு மூடி, அதை மாட்டினா பொட்டுப் பொட்டா நட்சத்திரம் மாதிரி சிதறும், கழட்டினா ஒத்தைக் கோடு. சின்னப் புள்ளைங்க கையில. என் தங்கச்சி மகன் ஏழு வயசு, தாத்தா வாங்கிக் குடுத்தாரு, வீட்டுக்கு வந்து பூனை மேல அடிச்சு விளையாடிட்டு இருந்தான் (லேசர் புள்ளி காட்டி பூனைக்கு உடற்பயிற்சி குடுக்கிற முறைன்னு அமெரிக்காவுல 1995ல ரெண்டு பேருக்கு பேட்டன்ட்டே குடுத்திருக்காங்க, நம்புங்க), அப்புறம் கண்ணாடி பீரோவுல அடிச்சிருக்கான், திரும்பி அவன் கண்ணுலயே பட்டுடுச்சு. ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினோம், கண்ணு டாக்டர் பார்த்துட்டு ஒண்ணும் ஆகலன்னாரு, பக்கத்து பெட்ல இருந்தவரை காட்டி "எல்லாரும் இப்படி தப்பிக்கிறது இல்ல"ன்னு மட்டும் சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி அந்த கட்டை லேசரை நான் தான் சுத்தியலால அடிச்சேன், மாப்பிள்ளை ஒரு வாரம் என்கிட்ட பேசல.

கண்ணுல என்ன நடக்குதுன்னா, கண்ணு ஒரு லென்ஸ், இணையா வர்ற லேசரை அது ரெட்டினாவுல இருபது மைக்ரான் மாதிரி ஒரு பொட்டுக்குள்ள குவிச்சிடும். சூரியனை நேரா பார்த்தா ரெட்டினாவுல விழுற உருவம் அதை விட எட்டு மடங்கு அகலம், அதனால சதுர மில்லிமீட்டருக்கு விழுற பவர்ல 1 மில்லிவாட் லேசரே சூரியனை தூக்கி சாப்பிட்டுடும். 1 மில்லிவாட்டுக்கு கீழ பாதுகாப்புன்னு வச்சிருக்கிறது, பளிச்னு பட்டதும் கால் செகண்டுக்குள்ள நாம இமையை மூடிடுவோம்ங்கிற கணக்குல தான், முறைச்சுப் பார்த்தா அந்தக் கணக்கு செல்லாது. 500 மில்லிவாட்டுக்கு மேலன்னா நேரா படணும்னு கூட இல்ல, சொவத்துல விழுற புள்ளியை கிட்ட இருந்து பார்த்தாலே கேடு வரலாம். ஜப்பான்ல 2001லயே பாயின்டர்னு விக்கிறது 1 மில்லிவாட்டுக்குள்ள தான் இருக்கணும்னு கட்டுப்படுத்திட்டாங்க, ஆஸ்திரேலியாவுல 1 மில்லிவாட்டுக்கு மேல உள்ள பாயின்டரை 2008ல இருந்து அனுமதி இல்லாம இறக்குமதி பண்ண முடியாது. அங்கயும் கிளாஸ் நடக்குது, அங்கயும் புள்ளி தெரியுது.

உங்க கட்டுரையில "10 கிலோமீட்டர் தூரம் பாயும்"னு ஒரு பெருமை வேற. லேசர் கோடு நூல் மாதிரியே போயிட்டு இருக்காது, பாயின்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு மாதிரி விரியும், நூறு மீட்டர்ல பத்து சென்டிமீட்டர், ஒரு கிலோமீட்டர்ல ஒரு மீட்டர், பத்து கிலோமீட்டர்ல பத்து மீட்டர். பசங்க கேப்பாங்க, நிலாவுல படுமா சார்னு, படும்டா, முந்நூத்தி எம்பது கிலோமீட்டர் அகலத்துக்கு பரவிப் படும், ஒரு பயலுக்கும் தெரியாது. ஆனா ஒரு கிலோமீட்டர்ல இருக்கிற அந்த ஒரு மீட்டர் வட்டம் இறங்குற ஃப்ளைட்டோட காக்பிட் கண்ணாடிக்கு போதும், கீறல் விழுந்த கண்ணாடி முழுக்க பச்சையா பத்திக்கிட்ட மாதிரி இருக்கும், பைலட்டுக்கு ரன்வே தெரியாது. அமெரிக்காவுல 2023ல மட்டும் 13,304 தடவை பைலட்டுங்க இப்படி புகார் குடுத்திருக்காங்க, 2012ல இருந்தே அது அங்க அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள போற குத்தம். சென்னையில பரங்கிமலை பக்கம் அடிச்சாங்கன்னு உங்க பேப்பர்லயே படிச்சிருக்கேன். இங்க அவனியாபுரம் தாண்டுனா ஏர்போர்ட், மொட்டை மாடியில நின்னு விளையாடுற பயலுக்கு அது காக்பிட்னு தெரியாது, பத்து கிலோமீட்டர் பாயுமான்னு செக் பண்றதா தான் நினைப்பான், அந்த நினைப்பை நாமளே ஊட்டக் கூடாதுல்ல. தொண்ணூறுகள் கடைசியில தியேட்டர்ல ஹீரோ என்ட்ரிக்கு ஸ்கிரீன்ல செவப்பு புள்ளி விட்ட கூட்டம் தான் நாம எல்லாம், நானும் விட்டிருக்கேன், பின்னாடி சீட்டுக்காரர் மண்டையில குட்டினாரு. ஆனா அப்ப கையில இருந்தது மூணு பட்டன் பேட்டரி போட்ட சிவப்பு.

அதனால திருத்தம் போடுறப்ப இதை மட்டும் போடுங்க. புரொஜெக்டர் திரைக்கு சிவப்பு, 650ஐ விட 635 நல்லது, 1 மில்லிவாட்னு, பாதுகாப்பு வகுப்பு கிளாஸ் 2ன்னு போட்டது, நம்பிக்கையான கம்பெனி. பட்டன் பேட்டரியோ ரெண்டு ஆல்கலைன் சின்ன செல்லோ போடுறதா இருக்கட்டும். பட்டன் பேட்டரின்னா மூடி ஸ்க்ரூ போட்டதா பாருங்க, குழந்தை முழுங்கிட்டா அது லேசரை விட பெரிய ஆபத்து. டல்லடிச்சா பவர் ஜாஸ்தியானதை வாங்காம முதல்ல பேட்டரியை மாத்துங்க, அட்டையில தொங்குற மலிவு ரகத்துக்கு பதிலா எஸ்ஆர்44னு சில்வர் ஆக்சைடு ரகம் கிடைச்சா வாங்குங்க, விலை கூட தான், ஆனா கடைசி வரைக்கும் 1.55 வோல்ட்டை விடாம புடிச்சு நிக்கும், புள்ளியும் மங்காது. அதுக்கும் டல்லுன்னா ஜன்னலை சாத்துங்க.

இன்னொண்ணு, கட்டுரையோட போட்ட படத்துல பேட்டரியோட பாசிட்டிவ் பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்கு, டார்ச் லைட் மாதிரி. நிறைய லேசர் பேனாவுல அது தலைகீழ், பாசிட்டிவ் பின் மூடி பக்கம் போகணும், டையோடு தலைகீழா வர்ற வோல்டேஜை ரெண்டு வோல்ட்டுக்கு மேல தாங்காது. படத்தைப் பார்த்து மாட்டுறவங்க இருப்பாங்க, அதையும் மாத்திடுங்க.

இப்படிக்கு,
பிசிக்ஸ் லேப் அசிஸ்டென்ட்,
மதுரை.